வண்டி போன பிறகு மண்ணில் என்ன இருக்கு? அமெரிக்கப் பொதுநிலங்களில் ஆஃப்-ரோடு ஓட்டிய கதை



அட்வென்ச்சர் பைக் வாங்கிய தம்பிகள், வாங்கப்போகும் தம்பிகள், "இந்த வண்டிய எங்க வேணா ஏத்தலாம் டாக்டர்" என்று ஓ.பி.யில் உட்கார்ந்து பெருமையாகச் சொல்லும் தம்பிகள், எல்லாருக்குமான இழை இது. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

வண்டி எங்கே வேண்டுமானாலும் ஏறும். ஒத்துக்கிறேன். ஏறிப் போன இடம் அப்புறம் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை வைத்து ஐம்பது வருஷத்துக்கும் மேலாகச் சண்டை போட்டு, சட்டம் போட்டு, கோர்ட்டுக்குப் போய், திரும்பவும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நாடு அமெரிக்கா. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன். நான் வரலாற்றுப் பேராசிரியர் கிடையாது, அரசு ஆஸ்பத்திரி எம்.பி.பி.எஸ். அதனால் இடையிடையே எலும்பு, நுரையீரல் எல்லாம் வரும். பொறுத்துக்கங்க.

1942. இரண்டாம் உலகப்போர். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மானியரோடு மோதணும் என்றால் அதே மாதிரி மண்ணில் பழகணும் என்று, கலிபோர்னியா, அரிசோனா பாலைவனத்தில் பிரம்மாண்டமான பயிற்சிக் களம் ஒன்றைத் திறந்தாங்க. முதல் தளபதி ஜெனரல் பேட்டன். டாங்கிகள் அந்தப் பாலைவனத்தை உழுதன. 1944-இல் முகாமை மூடிவிட்டுப் போய்ட்டாங்க.

அந்த டாங்கிகளின் தடம் இன்னும் அழியவில்லை. 80 வருஷம் தாண்டிவிட்டது. சில இடங்களில் வானத்திலிருந்து பார்த்தால் நேற்று ஓட்டிய மாதிரி கோடு கோடாகத் தெரியும்.

ஏன்? பாலைவனம் என்றால் வெறும் மணல், காற்றடித்தால் எல்லாம் மூடிவிடும் என்றுதானே நினைக்கிறோம். அப்படி இல்லை. அங்கே பல இடங்களில் மேல்மண்ணில் பாசி, பூஞ்சை, நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து பின்னிய மெல்லிய ஓடு ஒன்று இருக்கும். வேறு சில இடங்களில் கூழாங்கற்கள் நெருக்கமாகப் பதிந்து, தளம் போட்ட மாதிரி இருக்கும். அடியிலுள்ள தூசியைக் காற்றும் மழையும் அள்ளிக்கொண்டு போகாமல் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

தீக்காய வார்டைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தோலின் கனம் மில்லிமீட்டர் கணக்குதான். ஆனால் அது உரிந்துவிட்டால் உள்ளே இருக்கும் நீர் நிற்காது, வெளியே இருக்கும் கிருமி உள்ளே வரும். தோல் நாலு வாரத்தில் வளரலாம். மழையே அபூர்வமான ஊரில் மண்ணின் தோல் வளர, பல பத்தாண்டுகள் ஆகும்.

அதே கலிபோர்னியாவில், கொலராடோ ஆற்றங்கரை பிளைத் ஊருக்குப் பக்கத்தில், தரையில் கற்களை விலக்கி வரைந்த ராட்சத மனித உருவங்கள் உண்டு. பெரிய உருவம் 171 அடி. மொஹாவி, க்வெச்சான் பழங்குடி மக்களுக்குப் புனிதமான இடம். நூற்றுக்கணக்கான வருஷம் காற்றும் மழையும் அழிக்காத கோடுகள் மேல் இன்று டயர் தடம் ஓடுகிறது. பிறகுதான் வேலி போட்டார்கள். அந்தத் தடத்தை அழிக்கப் போனால் ஓவியமும் சேர்ந்து அழியும், அதனால் அப்படியே கிடக்கிறது.

இனி, "பொதுநிலம்" என்றால் என்ன? நம்ம வாயில் வரும் சொல் புறம்போக்கு. ஆனால் அளவைக் கேளுங்க. அமெரிக்க மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம், சுருக்கமாக பி.எல்.எம்., அது ஒன்றின் கையில் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர். தமிழ்நாடு மொத்தமே சுமார் 3.2 கோடி ஏக்கர்தான். வனத்துறை கையில் இருப்பது இது போக தனி. இந்த நிலத்தில் பெரும்பகுதிக்கு வேலியும் கிடையாது, வாட்ச்மேனும் கிடையாது. "இது மக்களோட நிலம், நானும் மக்கள்தானே" என்று யாரும் வண்டியோடு இறங்கலாம். ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது.

போர் முடிந்ததும் ஜீப் ஊருக்குள் வந்தது. 1953-இல் கலிபோர்னியா ஜார்ஜ்டவுன் ஊர்க்காரர்கள் 55 ஜீப்பில் ரூபிகான் என்ற பாறைப் பாதையில் கூட்டமாகக் கிளம்பிப் போனார்கள். ஆஃப்-ரோடு உலகில் இது ஒரு தொடக்கப்புள்ளி. (ரூபிகானை ஞாபகம் வைங்க, திரும்ப வருவோம்.)

அடுத்து ஜப்பான்காரர்கள் வந்தார்கள். எடை குறைவு, விலை குறைவு, உதைத்தால் ஸ்டார்ட் ஆகும். 1968-இல் யமஹா டி.டி.-1 வந்தபோது சாதாரணச் சம்பளக்காரனும் காட்டுக்குள் பைக் ஓட்டலாம் என்று ஆகிவிட்டது. 1972 வாக்கில் நாட்டில் சுமார் 50 லட்சம் ஆஃப்-ரோடு வண்டிகள் என்று அரசே ஒரு மதிப்பீடு சொன்னது.

இந்தக் காலத்தின் உச்சம் பார்ஸ்டோ முதல் வேகாஸ் வரையிலான பந்தயம்.

1967-இல் ஆரம்பம். நவம்பர் கடைசி, அவர்களுடைய நன்றி நவிலல் விடுமுறை. மொஹாவி பாலைவனத்தைக் குறுக்கே கடந்து சுமார் 150 மைல். தொடக்கம் எப்படித் தெரியுமா? தூரத்தில் ஒரு புகை கிளம்பும். அதைப் பார்த்ததும் பக்கம் பக்கமாக வரிசையில் நிற்கும் அத்தனை பைக்கும் ஒரே நேரத்தில் அந்தப் புகையை நோக்கிப் பாயும். பாதையெல்லாம் அப்புறம்தான். முதல் சில மைலுக்குப் பாதையே கிடையாது, அகலமான பாலைவனம்தான் பாதை. 1974-இல் சுமார் 3,000 பேர் அப்படிப் பாய்ந்தார்கள்.

எனக்கே வீடியோவில் பார்த்தால் ஒரு சிலிர்ப்பு வரும், பொய் சொல்லக்கூடாது. அந்தச் சந்தோஷத்தைக் கேவலமாகப் பேசிக்கொண்டே "பொறுப்பாக ஓட்டு" என்று எவனிடமும் சொல்ல முடியாது. அன்றைய சூழலியல் ஆர்வலர்களில் சிலர் பண்ணிய தப்பு இது என்பது என் அபிப்பிராயம். பைக்காரன் என்றாலே ரவுடி என்ற தொனி. பதிலுக்கு இவர்கள் முறைத்துக்கொண்டார்கள்.

அந்த 1974 பந்தயத்துக்கு முன்னும் பின்னும் பி.எல்.எம். ஆட்கள் நிலத்தை அளந்து பார்த்தார்கள். செடி நசுங்கியது, மண் இறுகியது, பாதையைத் தாண்டி அகலமாகச் சேதம் என்று அறிக்கை வந்தது. 1975-இல் அனுமதி இல்லை.

ஓட்டுநர்கள் சும்மா இருப்பார்களா? பந்தயம் இல்லை, நாங்கள் தனித்தனியாகப் போகிறோம் என்று சொல்லி, "ஃபாண்டம் டக்" என்ற பெயரில் ஆண்டுதோறும் எதிர்ப்பு ஓட்டம் நடத்தினார்கள். பல வருஷ இழுபறிக்குப் பிறகு 1983-இல் கட்டுப்பாடுகளோடு பந்தயம் திரும்பி வந்தது. 1989-ஓடு முடிந்தது. அந்தச் சமயம் பாலைவன ஆமை வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. 1990-இல் அதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒன்று நியாயமாகச் சொல்லணும்: ஆமை குறைந்ததற்கு பைக் மட்டும் காரணம் இல்லை. சுவாச நோய், குட்டிகளைத் தின்னும் காக்கை இனங்கள், மாடு மேய்ச்சல், ஊர் விரிவு எல்லாம் உண்டு. ஆனால் அந்த ஆமை தன் ஆயுளில் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் வளையில் கழிக்கும். மேலே போகிற வண்டிக்குக் கீழே ஆமை இருப்பது தெரியவே தெரியாது.

சட்டம் என்ன பண்ணியது என்று பார்ப்போம். இதில்தான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது.

1972 பிப்ரவரி 8. ஜனாதிபதி நிக்சன் ஓர் ஆணை போட்டார், எண் 11644. வண்டியைத் தடை செய்யவில்லை. எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்று ஒவ்வொரு துறையும் பிரித்து அறிவிக்கணும். மண், நீர்ப்பிடிப்பு, செடிகொடி, விலங்கு இவற்றுக்குச் சேதம் குறையும்படியும், அதே நிலத்துக்கு வரும் மற்ற மக்களோடு மோதல் வராதபடியும் பாதையை அமைக்கணும். வரைபடம், பலகை வைத்து மக்களுக்குச் சொல்லணும். அவ்வளவுதான். 1977-இல் கார்ட்டர் இதற்குப் பல் வைத்தார்: பெரிய சேதம் நடக்கிறது என்று தெரிந்தால் அந்த இடத்தை உடனே மூடணும்.

(நம்ம நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1972தான். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், பைக்கோடு போனாலும் நடந்து போனாலும். ரீல்ஸுக்காகப் புல்வெளியில் வண்டி ஏற்றும் தம்பிகள் இதை ஒரு தடவை படிச்சுக்கங்க.)

ஆனால் மத்திய அரசுக்கு முன்னாடியே கலிபோர்னியா மாநிலம் ஒரு காரியம் பண்ணியது. 1971-இல் சாப்பி–ஸ்பெர்க் சட்டம். சாப்பி குடியரசுக் கட்சி, ஸ்பெர்க் ஜனநாயகக் கட்சி. யோசனை எளிமையானது: ரோட்டில் ஓடாத ஆஃப்-ரோடு வண்டிகளும் பதிவு செய்யணும், கட்டணம் கட்டி ஸ்டிக்கர் ஒட்டணும். அந்தக் காசும், ஆஃப்-ரோடில் எரியும் பெட்ரோலுக்கான வரியில் ஒரு பங்கும் ஓட்டுவதற்கான இடங்களை வாங்க, பராமரிக்க, காவல் வைக்க, கெட்ட இடத்தைச் சரிசெய்யப் போகும். ஓட்டுறவன் காசிலேயே ஓட்டுற இடம். அந்தப் பச்சை ஸ்டிக்கர் இன்றும் உண்டு.

நிக்சன் ஆணை காகிதத்தில் அருமை. தரையில்? "மூடியிருக்கிறது என்று பலகை இல்லாத இடமெல்லாம் திறந்த இடம்" என்ற பழைய வழக்கமே பல வனங்களில் ஓடியது. பலகை வைக்க ஆள் இல்லை. வைத்த பலகையில் துப்பாக்கிக் குண்டு ஓட்டை. ஒருத்தன் குறுக்கே போன தடத்தைப் பார்த்து அடுத்தவன் போவான், பத்தாவது ஆளுக்கு அதுவே பாதை. 2003-இல் அமெரிக்க வனத்துறைத் தலைவர் காடுகளின் நான்கு பெரிய அச்சுறுத்தல்களில் ஒன்றாக நிர்வகிக்கப்படாத பொழுதுபோக்கைச் சேர்த்தார். 2005-இல் விதி தலைகீழானது: வரைபடத்தில் திறந்திருக்கிறது என்று போட்டிருந்தால் மட்டுமே வண்டி போகலாம். வரைபடம் இலவசம். 1972-இல் சொன்னதை நடைமுறைக்குக் கொண்டுவர 33 வருஷம். அரசு வேலையில் இருப்பதால் இந்தக் கணக்கு எனக்கு ஆச்சரியம் தரவில்லை.

இப்போது என் துறைக்கு வர்றேன்.

1970-இல் ஹோண்டா ஒரு மூன்று சக்கர வண்டியை அமெரிக்காவில் இறக்கியது. பலூன் மாதிரி குண்டு டயர், காற்றழுத்தம் மிகக் குறைவு. சேறு, மணல், பனி எதிலும் ஓடும். அடுத்த வருஷமே ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வந்தது. பார்க்கப் பொம்மை மாதிரி இருந்ததால் பெரியவர்கள் அதைப் பொம்மையாகவே நினைத்தார்கள். பிள்ளைகளிடம் கொடுத்தார்கள்.

மூன்று சக்கரம் என்பதால் விழாது என்று நினைப்பு. உண்மை நேர்மாறு. பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து சுற்றும். திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் போகணும், ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஓட்டுகிறவர் உடம்பைச் சரியாகச் சாய்த்தால்தான் திரும்பும். பயத்தில் காலைத் தரையில் ஊன்றினால், பின் சக்கரம் அந்தக் காலின் மேலேயே ஏறும். மேட்டில் ஏறும்போது பின்பக்கமாகக் கவிழ்ந்தால் மொத்த எடையும் நெஞ்சின் மேல். நெஞ்சு அழுந்தி மூச்சு விட முடியாமலேயே ஒருவர் இறக்கலாம், வெளியே ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. பிள்ளைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்துத் தசை பலவீனம். விழும்போது தலைதான் முதலில் போகும்.

1980-களில் விற்பனை எகிறியது, கூடவே அடிபட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையும். குழந்தை மருத்துவர்களும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் விடாமல் குரல் கொடுத்தார்கள். 1988 ஏப்ரலில் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, போலாரிஸ் ஐந்தும் நீதிமன்றத்தில் அரசோடு உடன்பாட்டுக்கு வந்தன: புதிய மூன்று சக்கர வண்டி விற்பனை நிறுத்தம், வாங்குவோருக்கு இலவசப் பயிற்சி, எச்சரிக்கை ஸ்டிக்கர், 16 வயதுக்குக் கீழே பெரிய எஞ்சின் வண்டி கூடாது. 2008-இல் புதிய மூன்று சக்கர ஏ.டி.வி. விற்பனையைச் சட்டமே தடை செய்தது.

நான்கு சக்கரம் வந்ததும் பிரச்சினை தீர்ந்ததா? குறைந்தது, தீரவில்லை. இன்றைக்கும் அந்த நாட்டில் ஆஃப்-ரோடு வண்டிகளால் ஆண்டுக்குச் சராசரியாக 800-க்கு மேல் மரணம், அவசர சிகிச்சைக்கு வருவோர் சுமார் ஒரு லட்சம் என்று அதே ஆணையம் சொல்கிறது. ஹெல்மெட் போடுங்க என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்துவது இதனால்தான். காட்டுப் பாதையில் லாரி வராது, உண்மை. 108-ம் வராது.

இன்னொரு கதை. இதைப் படித்தபோது எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

கலிபோர்னியா சான் பெனிட்டோ பகுதியில் கிளியர் கிரீக் என்ற மலைப்பகுதி. செடி அதிகம் வளராத பாறை மண், பைக் ஓட்ட அருமையான இடம். அப்பா, பிள்ளை, பேரன் என்று தலைமுறையாக ஓட்டிய குடும்பங்கள் உண்டு. அந்த மண்ணில் இயற்கையாகவே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. பக்கத்தில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கமே இருந்தது.

மத்திய சுற்றுச்சூழல் முகமை ஆட்கள் காற்று மாதிரி எடுக்கும் கருவியை உடம்பில் கட்டிக்கொண்டு அங்கே பைக் ஓட்டிப் பார்த்தார்கள். முன்னால் போகிறவரைவிட, பின்னால் தூசியில் போகிறவர் அதிகம் இழுக்கிறார். குழந்தை மூச்சு விடும் உயரத்திலும் அளந்தார்கள். அங்கே இன்னும் மோசம். 2008 மே 1-இல் அறிக்கை வந்தது. அன்றே பி.எல்.எம். சுமார் 31,000 ஏக்கரை மூடியது.

ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலில் புகுந்தால் நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வரலாம். வர 20, 30, 40 வருஷம்கூட ஆகும். 50 வயதில் இழுத்தவருக்கு அது வரும் முன் வேறு ஏதாவது வந்துவிடலாம். 8 வயதில் இழுத்த பிள்ளைக்கு நோய் வளர முழு ஆயுளும் இருக்கிறது.

ஓட்டுநர்கள் கொதித்தார்கள். எங்களில் யாருக்கு வந்தது, காட்டு என்றார்கள். மாநிலத்தின் ஆஃப்-ரோடு பிரிவு செய்வித்த இன்னொரு ஆய்வு, ஆபத்து அவ்வளவு இல்லை என்றது. வாதம் வருஷக்கணக்கில் ஓடியது. 2014-இல் வந்த திட்டத்தின்படி அனுமதிச் சீட்டோடு, ரோட்டில் ஓடத் தகுதியான வண்டிகள் மட்டும், குறிப்பிட்ட பாதையில், வருஷத்தில் சில நாட்கள் மட்டும் போகலாம். இங்கே ஓட்டுநர்கள் தவறு எதுவும் செய்யவில்லை. அந்தக் கோபமும் எனக்குப் புரிகிறது. ஆனால் என்னிடம் கேட்டால், பெரியவர் போவது அவர் இஷ்டம், பிள்ளையை அந்தத் தூசிக்குள் கூட்டிப் போகாதீங்க என்றுதான் சொல்வேன்.

1985-இல் அமெரிக்க வனத்துறை ஆரம்பித்த விழிப்புணர்வு இயக்கம் ஒன்று உண்டு. பெயர் ட்ரெட் லைட்லி, நம்ம பேச்சில் "மெல்ல மிதி". 1990-இல் தனி அமைப்பாகி, வண்டிக் கம்பெனிகளும் ஓட்டுநர் சங்கங்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். சேறாக இருக்கும் பாதையில் ஓட்டாதே, பள்ளத்தைச் சுற்றிப் போய்ப் பாதையை அகலமாக்காதே, ஓடையைப் போட்ட இடத்தில் மட்டும் கட, குதிரை வந்தால் எஞ்சினை நிறுத்து. பெரிய தத்துவமெல்லாம் இல்லை. கம்பெனிகள் விளம்பரத்துக்காக இதில் சேர்ந்தன என்று கிண்டல் செய்வோரும் உண்டு. இருக்கட்டுமே, சிகரெட் பெட்டியில் படம் போட்டதும் யாரும் ஆசைப்பட்டுப் போட்டது இல்லையே.

கடைசியாக ரூபிகான்.

அந்த 1953 பாதைதான். 1887-லேயே எல் டொராடோ மாவட்டம் அதைப் பொதுச்சாலையாக அறிவித்திருந்தது, அதனால் சும்மா மூடிவிட முடியாது. புகழ் ஏற ஏறக் கூட்டம். கூட்டம் ஏறினால் என்ன வரும்? பொது சுகாதாரம் படித்தவர்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். மலம்.

அங்கே தரை கருங்கல். குழி தோண்டிப் புதைக்க மண்ணே இல்லை. ஆயிரக்கணக்கானோர் முகாம் போடும் ஸ்பைடர் ஏரிப் பக்கம் நிலைமை எல்லை மீறி, 2000-களின் நடுவில் சுகாதாரக் காரணம் சொல்லி அங்கே தங்குவதைத் தடை செய்தார்கள். பாறையில் உரசி உடைந்த எஞ்சின்களின் எண்ணெய் வேறு கல்லில் கறுப்பாக. மழையில் மண் அரித்து ஓடைக்குள். 2009-இல் மண்டல நீர்த்தர வாரியம் மாவட்டத்துக்கும் வனத்துறைக்கும் சுத்தப்படுத்தும் ஆணை பிறப்பித்தது. சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் மேல் நடவடிக்கை.

பாதை போய்விடும் என்றுதான் பலர் நினைத்தார்கள். பார்ஸ்டோ கதை எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. இந்தத் தடவை ஓட்டுநர் சங்கங்கள் எதிர்ப்பு ஓட்டம் போகவில்லை. மண்வெட்டியோடு போனார்கள். மழைத்தண்ணீர் பாதையில் ஓடாமல் பக்கத்தில் வடிய வாய்க்கால் வெட்டினார்கள். எல்லிஸ் ஓடையில் வண்டி தண்ணீருக்குள் இறங்காமல் கடக்கப் பாலம் வந்தது. கழிப்பறைகள் வந்தன. இந்த மாதிரி வேலைகளுக்குப் பணம் பெரும்பாலும் எங்கிருந்து? அந்த 1971 சட்டத்தின் ஸ்டிக்கர் காசு.

இன்று ரூபிகான் போகிறவர் வண்டியில் வின்ச், ஸ்பேர் டயர், முதலுதவிப் பெட்டியோடு இரண்டு சாமான் கூடுதலாக இருக்கும். ஒன்று, எண்ணெய் கசிந்தால் உறிஞ்சி எடுக்கும் பஞ்சுத் துண்டுகள். இன்னொன்று, போனதைக் கட்டி வீட்டுக்கு எடுத்துவரும் பை. இரண்டையும் பாதைத் தொடக்கத்தில் தன்னார்வலர்கள் கையில் கொடுத்து, எப்படிப் பயன்படுத்துவது என்றும் சொல்லி அனுப்புகிறார்கள். லட்சக்கணக்கில் செலவழித்து ஜீப்பை மாற்றியமைத்தவர்கள் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்கிறார்கள். பாதை திறந்திருக்கிறது.

கேள்வி இருந்தால் கமெண்ட்டில் கேளுங்க மக்களே. டியூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.